ஊருணி தூர்வாரிய வருடம்

கல்லூரியில் சேர்ந்த முதல் மூன்று மாதம் நான் அநேகமாகப் பேசவே இல்லை. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன் ஐயா' என்பேன். விடுதியில் சோறு போடுகிறவரிடம் 'போதும்' என்பேன். திருச்சுழிப் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊரிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வந்திருந்தேன். பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரம்தான். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்துக்குள் நான் யாரென்று தெரிந்தவர்கள் எல்லோரும் பின்னால் நின்றுவிட்டார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஊரில் எங்களுடையது நிலபுலன் உள்ள வீடு. மிளகாயும் பருத்தியும் மழையை நம்பி விதைத்து எடுக்கிற மானாவாரி நிலம்தான் என்றாலும், என் அப்பா, அதாவது அய்யா, ஒரு வார்த்தை சொன்னால் ஊர் கேட்கும். நான் ஒரே பிள்ளை. சின்ன வயதில் தெருப் பையன்கள் என்னோடு விளையாடும்போது வேண்டுமென்றே தோற்பார்கள். நான் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் அவர்களுக்கு அல்லவா வசவு விழும்? கொஞ்ச நாளில் என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். அவர்கள் விளையாடுவதைத் தூரத்தில் நின்று பார்த்துப் பழகிவிட்டேன். அருப்புக்கோட்டைக்கு வந்தும் அதையே செய்தேன்.

சாயங்காலம் ஆனால் உள்ளூர்ப் பையன்கள் சைக்கிளில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். விடுதிப் பையன்கள் ஊர் ஊராகச் சேர்ந்து உட்கார்ந்து பேசுவார்கள். மைதானத்து ஓரத்தில் ஒரு வேப்பமரம் உண்டு. அதன் அடியில் உட்கார்ந்து கல்லூரி அணி வாலிபால் ஆடுவதைப் பார்ப்பேன். சுற்றுச் சுவருக்கு அந்தப் பக்கம் நெசவாளர் தெருக்கள். தறிச் சத்தம் ஓயாமல் கேட்கும். பந்து விழுகிற சத்தமும் அதுவும் கலந்து வரும்போது, எல்லோருக்கும் ஏதோ ஒரு வேலை இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை என்று தோன்றும்.

ஒரு நாள் பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன். நான் ஆறடிக்குமேல் உயரம்.

"ஏலே நெட்டையா, பந்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்க? தட்டுலே இங்கிட்டு" என்று ஒருவன் கத்தினான்.

அதுவரை என்னை யாரும் 'ஏலே' என்றதில்லை. ஊரில் பெரியவர்கள் 'தம்பி' என்பார்கள், வேலைக்கு வருகிறவர்கள் 'சின்னய்யா' என்பார்கள். பந்தைத் தட்டினேன். அது எங்கேயோ போய் விழுந்தது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கிட்ட வந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நாளைக்கு அரை டவுசரு போட்டு வா" என்றான்.

அவன்தான் எங்கள் அணியில் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன். வாலிபாலில் ஒருவன் வலையோரம் நின்று பந்தை மேலே தூக்கித் தருவான், இன்னொருவன் எம்பி எதிர்ப்பக்கம் அடிப்பான். பார்க்கிறவர்கள் அடிப்பவனைத்தான் பார்ப்பார்கள். அவன் குள்ளம், ஆனால் கை அப்படி ஒரு கை. பந்து அவன் விரலில் பட்ட சத்தமே கேட்காது. காரியாபட்டிப் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து வந்திருந்தான். அரசாங்க உதவித்தொகையில் படித்தான். விடுதியில் என் அறைக்கு மூன்று அறை தள்ளி அவன் அறை.

"நான் பந்த வச்சுட்டேன்னா நீ அங்க இருக்கணும். பந்து ஒனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது" என்பான்.

நான் எம்பும்போது பந்து போய்விட்டிருக்கும். அல்லது பந்து வருவதற்குள் நான் இறங்கிவிட்டிருப்பேன். ஆறு மாதம் அப்படியே போனது. பிறகு ஒரு நாள் சரியாக அமைந்தது. அடித்தேன். எதிர்ப்பக்கம் மண்ணில் குழி விழுந்தாற்போலச் சத்தம். அவன் ஓடி வந்து என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தான். அன்றைக்கு விடுதியில் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதற்குப் பிறகு எல்லா நாளும் அங்கேதான் உட்கார்ந்தேன். அவன் எந்தத் தெருக்காரன், என்ன ஆட்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவனே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தான். நான் அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. அப்படி நினைக்காமல் இருந்ததைப் பெருந்தன்மை என்று பிற்பாடு கொஞ்ச காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் வருடம் சமூக சேவைக்கென்று ஒரு முகாம் போடச் சொல்லி உத்தரவு வந்தது. பத்து நாள் ஏதாவது ஒரு கிராமத்தில் தங்கி மாணவர்கள் வேலை செய்ய வேண்டும். பொறுப்பாசிரியர், "யாராவது உங்க ஊருல தேவை இருக்குதுன்னா சொல்லுங்க" என்று கேட்டார். வகுப்பில் அதுவரை கை தூக்கியிராத நான் தூக்கினேன்.

எங்கள் ஊருணி தூர்ந்துபோய்க் கிடந்தது. ஊருக்கு அதுதான் குடிதண்ணீர். மழை பெய்தால் முழங்கால் அளவு நிற்கும், மாசிக்குள் வற்றிவிடும். அப்புறம் பெண்கள் உள்ளே குழி பறித்து, ஊறி வருகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைய அரை நாள் ஆகும். இதையெல்லாம் எழுந்து நின்று சொன்னேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. வாலிபால் அணி மொத்தமும் பெயர் கொடுத்தது.

புரட்டாசியில், மழைக்கு முன்னால், நாற்பது பேர் எங்கள் ஊருக்குப் போனோம். பள்ளிக்கூடத்தில் தங்கல். அய்யாவே முன்னின்று அரிசி, பருப்பு, விறகு எல்லாம் ஏற்பாடு செய்திருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. என்னை அணியோடு பார்த்ததும் பக்கத்தில் நின்றவரிடம், "காலேசுல இவனத்தான் முன்னால நிறுத்துறாகளாம்" என்றார்.

ஊருணிக்குள் சிலர் மண்ணை வெட்ட, மற்றவர்கள் வரிசையாக நின்று சட்டி சட்டியாகக் கைமாற்றிக் கரைக்கு அனுப்பினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு நாளில் உள்ளங்கையெல்லாம் கொப்புளம். ஆனாலும் வரிசையில் ஒரு தாளம் வந்துவிட்டது. எனக்கு அடுத்து அவன் நின்றான். நான் நீட்டுமுன் அவன் கை வந்துவிடும். சட்டியைப் பார்க்கவே தேவையில்லை. அந்த இரண்டு நாளைப்போல நான் என் ஊரில் சந்தோஷமாக இருந்ததே இல்லை.

மூன்றாம் நாள் முற்பகல். ஊருணியின் ஒரு மூலையில் குடிப்பதற்காக ஒரு குழியை மட்டும் கலக்காமல் விட்டிருந்தோம். காலனிப் பெண்கள் கரைக்கு அந்தப் பக்கம் குடங்களோடு நிற்பார்கள். அவர்கள் உள்ளே இறங்கக்கூடாது. ஊர்ப் பெண்கள் யாராவது மொண்டு அவர்கள் குடத்தில் ஊற்றுவார்கள். பிறந்ததிலிருந்து பார்த்துவந்த காட்சி அது. கல்லூரியில் எழுந்து நின்று ஊருணியைப் பற்றிச் சொன்னபோது இதைச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அங்கே நின்ற ஒரு பெண் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டுக் கூவினாள்: "ஏய்யா! எங்க அண்ணன் மகந்தான? ஏய் ராசா, நீ எப்பய்யா வந்த?"

அவன் திரும்பிப் பார்த்தான். "அத்தே!" என்று சிரித்துக்கொண்டே கையை டவுசரில் துடைத்தபடி கரையேறினான். அவனுடைய அத்தையை எங்கள் ஊர்க் காலனியில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. அவள் அவன் மோவாயைத் தொட்டு விரல்களைக் குவித்து முத்தமிட்டாள். "இப்பிடி வெயில்ல கருத்துப்போயி நிக்கியே" என்றாள்.

கரையில் நின்ற ஊர்க்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மண்வெட்டிச் சத்தம் நின்றது. என் கையில் நிறைந்த சட்டி இருந்தது. அதை வாங்க அடுத்த கை இல்லை.

மத்தியானம் அய்யா இரண்டு பேரோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நான் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

"சார், நீங்க நல்ல காரியம் பண்ண வந்திருக்கீக, இல்லேங்கல" என்று அய்யா பொறுப்பாசிரியரிடம் சொன்னார். "ஆனா ஊருன்னா ஒரு மொறை இருக்கு. அந்தப் பையன் குடிதண்ணிக்குள்ள எறங்குறது சரிவராது. சமையக்கட்டுப் பக்கமும் வேண்டாம்."

"எல்லாரும் மாணவர்கள்தாங்க…" என்று அவர் இழுத்தார்.

"அதெல்லாம் காலேசுல." அய்யா என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, ஒனக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

"தெரியாதுங்கய்யா" என்றேன்.

அவன் ஏதோ மறைத்து என்னை ஏமாற்றிவிட்டான் என்பதுபோல இருந்தது அந்தச் சொல். ஜன்னல் திறந்திருந்தது. நான் உள்ளே பார்க்கவில்லை.

பொறுப்பாசிரியர் நல்ல மனிதர். ஆனால் முகாமை முடித்தாக வேண்டும் என்ற கவலை அவருக்கு. அவனைத் தனியாகக் கூப்பிட்டு, காலனிக்குப் போகிற வண்டிப்பாதையைச் செப்பனிடும் வேலை இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். "சரி சார்" என்று ஒரு கடப்பாரையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு போனான். தங்கல் அத்தை வீட்டில் என்று அவனாகவே சொல்லிவிட்டான்.

ஊருணிக் கரையில் ஏறினால் அந்தப் பாதை தெரியும். கருவேல முள்ளை வெட்டி ஒதுக்குவான், மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போடுவான். முழு நாளும் ஒற்றை ஆள். நான் வரிசையில் நின்று சட்டி வாங்கிக் கொடுத்தேன். எனக்கு அடுத்து வேறு ஒருவன் நின்றான். சட்டி இரண்டு தடவை கைதவறி என் காலில் விழுந்தது.

இரண்டு நாள் கழித்து எங்கள் அணித்தலைவன் வரிசையை விட்டு வெளியே வந்தான். அருப்புக்கோட்டை நெசவாளர் வீட்டுப் பையன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், அதிகம் பேசாதவன். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஒரு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பாதைப் பக்கம் நடந்தான். பின்னாலேயே அணியிலிருந்து இன்னும் இரண்டு பேர் போனார்கள். போகும்போது தலைவன் என்னை ஒரு தடவை பார்த்தான். அய்யா கரையில் குடையோடு நின்றுகொண்டிருந்தார். நான் குனிந்து அடுத்த சட்டியை வாங்கினேன்.

கடைசி நாள் பள்ளிக்கூட மைதானத்தில் வலை கட்டி, திருச்சுழிப் பையன்களோடு ஒரு விளையாட்டு. ஊரே திரண்டு வந்தது. அவன் இல்லாமல் அணி இல்லை என்று தலைவன் சொல்லிவிட்டான். மைதானத்தில் ஆடுவதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் ஆடியதுபோல் எப்போதும் ஆடியதில்லை. ஒவ்வொரு பந்தையும் எனக்கு எந்த உயரத்தில் வேண்டுமோ அந்த உயரத்தில், ஒரு விரல்கடை கூடக் குறையாமல் வைத்தான். என் முகத்தைப் பார்க்காமலே வைத்தான். நான் அடிக்க அடிக்க ஊர் ஆர்ப்பரித்தது. அய்யா எழுந்து நின்று கைதட்டினார்.

முடிந்ததும் ஒருவர் பெரிய செம்பில் மோர் கொண்டுவந்தார். எல்லோருக்கும் டம்ளரில் கொடுத்துக்கொண்டே வந்தவர், அவன் முன்னால் வந்ததும் டம்ளரைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "கையக் குவி" என்றார். அவன் அவரைப் பார்த்தான். "தாகம் இல்லண்ணே" என்று சொல்லிவிட்டுச் சட்டையை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு காலனிப் பக்கம் நடந்தான். வியர்வையில் முதுகு மின்னியது. பாதி குடித்த டம்ளர் என் கையில் இருந்தது.

கல்லூரிக்குத் திரும்பியபின் அவன் என்னோடு பேசவில்லை. கோபமாக முறைத்திருந்தால், ஒரு பந்தையாவது தப்பாக வைத்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. மைதானத்தில் முன்பைவிடத் துல்லியமாக வைத்தான். மதுரையில் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் பாராட்டினார்கள். மைதானத்து எல்லைக்கோட்டைத் தாண்டியதும் நான் அங்கே இல்லாதவனைப்போல நடந்துபோவான். சாப்பாட்டுக் கூடத்தில் பெஞ்சை மாற்றிக்கொண்டான். நான் பழையபடி மூலையில் தனியாக உட்கார்ந்தேன். முதல் வருடத்துத் தனிமைக்கு நான் காரணம் இல்லை. இதற்கு நானே காரணம். அதனால் யாரிடமும் சொல்லி ஆற முடியவில்லை.

ஒரு நாள் பயிற்சி முடிந்து வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அவனிடம் போனேன்.

"அன்னைக்கு நான் தெரியாதுன்னு சொன்னது…"

"நாளைக்குக் காலைல அஞ்சரைக்கே ஆரம்பிக்கிறோம். லேட்டாக்காத" என்றான். வலையைச் சுருட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

தலைவனிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் பந்திலிருந்து காற்றை இறக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, "பொய்ய அவன்கிட்டயா சொன்ன? ஒங்க அய்யாகிட்டல்ல சொன்ன" என்றான்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது சித்திரை வெயிலிலும் ஊருணியில் தண்ணீர் கிடந்தது. ஊர் என்னைக் கொண்டாடியது. கரைக்கு அந்தப் பக்கம் அவனுடைய அத்தையும் நான்கைந்து பெண்களும் எப்போதும்போலக் குடத்தோடு நின்றார்கள்.

மறுநாள் காலையில் போய் அவள் குடத்தை வாங்கினேன். "வேண்டாம் சாமி, ஒங்க அய்யா வைவாக" என்று பதறினாள். இறங்கி மொண்டு வந்து வைத்தேன். பிறகு அங்கே நின்ற எல்லாக் குடங்களுக்கும் அதையே செய்தேன். தினமும் காலையில் இதுவே வேலையானது. ஊர்க்காரர்கள் முதலில் சிரித்தார்கள். 'பிள்ளைக்கு வெயில் தலைக்கேறிருச்சு' என்றார்கள். பிறகு என்னைக் கண்டால் விலகி நடந்தார்கள். அய்யா வீட்டில் என்னோடு பேசுவதை நிறுத்தினார். அம்மா சோறு வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். மூன்று பேர் இருக்கிற வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்கும்.

எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. பரிகாரம் செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். இருபது நாள் போனபின் அத்தை ஒரு நாள் குடத்தை என்னிடம் கொடுக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிற மாட்டீகளே?"

"சொல்லுங்க."

"முந்தி ஊர்ப் பொம்பளைக ஊத்துனாக. இப்ப நீங்க ஊத்துறீக. நாங்க நிக்கிற எடம் அதே எடந்தான? காலேசு தொறந்து நீங்க போயிருவீக. நாங்க எறங்குனா என்னன்னு யாரும் கேக்க மாட்டேங்கிறீகளே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குக் காது சுட்டது. தூக்கிச் சுமந்த அத்தனை குடமும் ஒன்றுமில்லாமல் போனதுபோல இருந்தது.

அன்று சாயங்காலம் அய்யா வேம்படியில் நான்கு பேரோடு மிளகாய் விலை பேசிக்கொண்டிருந்தார். போய் அவர் முன்னால் நின்றேன்.

"அய்யா, அன்னைக்கு முகாம்ல ஒரு கேள்வி கேட்டீக. எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். அது பொய். எனக்கு முன்னாலயே தெரியும்."

"எதுக்கு இப்ப அது?"

"அந்த ஊருணிச் சேத்த அள்ளுனவுகள்ல அவனும் ஒருத்தன். அவன் அத்தை அதுல எறங்குனா என்னங்கய்யா?"

அய்யா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"அவுக பெருசாத் தெரிஞ்சா அவுககிட்டயே போயிரு" என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்கு வந்தேன். தலைவன் ஊரை ஒட்டிய பாளையம்பட்டியில் தனக்குத் தெரிந்தவரின் நூல்கடையில் ஒரு வேலை பிடித்துக் கொடுத்தான். கல்லூரி திறந்தபின் காலையில் வகுப்பு, மத்தியானத்துக்குமேல் கடை. விடுதியை விட்டுவிட்டுத் தலைவன் வீட்டு மாடி அறையில் இருந்தேன். அவன் அம்மா என்னைச் சொந்தப் பிள்ளையைப்போலத்தான் நடத்தினார். ஆனால் அந்த வீட்டில் சிரிப்பும் சண்டையும் தெலுங்கில் நடக்கும். எல்லோரும் சிரித்து முடித்தபின் தலைவன் எனக்கு அர்த்தம் சொல்லுவான். நான் அப்போது தனியாகச் சிரிப்பேன்.

கல்லூரி திறந்து ஒரு மாதம் இருக்கும். காலைப் பயிற்சி முடிந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். முகாமுக்குப் பிறகு அவனாக வந்தது அதுதான் முதல் தடவை.

"அத்த சொல்லுச்சு" என்றான். "ஒங்க அய்யாகிட்ட கேட்டியாமே."

"கேட்டேன்."

"எனக்காகக் கேட்டியா?"

ஆமாம் என்று சொல்லத்தான் விரும்பினேன்.

"எனக்காகக் கேட்டேன்னு மட்டும் நெனைக்காத. ஒனக்கு வீடு போனதுக்கு நான் காரணம்னு நீ ஒரு நாளைக்கு நெனைப்ப. அந்தப் பாரம் எனக்கு வேண்டாம்" என்றான். கீழே கிடந்த வேப்பங்குச்சியை எடுத்து ஒடித்துப் போட்டுவிட்டு, "அன்னைக்கு நீ தெரியாதுன்னதும் நான் எந்திரிச்சு வெளிய வந்து, இவனுக்குத் தெரியும்னு சொல்லியிருக்கலாம். நானும் சும்மாதான் உக்காந்திருந்தேன். ஒம் மேல கோவமா, எம் மேல கோவமான்னு இன்னும் எனக்குப் பிடிபடல" என்றான்.

எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு பார்த்தால் தலையசைப்பான். பேச்சு என்றால் ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசுவான். மறுபடியும் ஒரே பெஞ்சில் சாப்பிடுகிற நாள் வரவில்லை. ஆனாலும் அன்றைக்குப் பிறகு நான் மைதானத்தில் பந்துக்காக அவன் முகத்தை நேராகப் பார்த்து நின்றேன். அவனும் பார்த்து வைத்தான்.

தை மாதத்தில் அம்மா பாளையம்பட்டிக் கடைக்கே வந்துவிட்டாள். அதுவரை தனியாகப் பஸ் ஏறியிராதவள். அருப்புக்கோட்டையில் இறங்கி, டவுன் பஸ் எது என்று கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள். நூல்கட்டுகளுக்கு நடுவே ஒரு பலகையில் உட்காரவைத்தேன். அதிரசப் பொட்டலத்தை மடியிலேயே வைத்திருந்தாள்.

"அய்யா எப்படி இருக்காக?"

"இருக்காக. ஒம் பேர எடுக்க மாட்டேங்காக. எடுக்கவும் விட மாட்டேங்காக." கடை ஆட்கள் கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நீ போன பொறவு ஒரு நா மத்தியானம் ஊருணிக்குப் போனேன். ஒரு ஈ காக்கா இல்ல. அந்தப் பையனோட அத்தை மட்டும் அந்தப் பக்கம் குடத்தோட நின்னா. நான்தான் சொன்னேன், 'யாரும் இல்ல, எறங்கி மோந்துக்கோ'ன்னு."

"எறங்குனாங்களா?"

"மாட்டேன்னுட்டா." அம்மா பொட்டலத்தின் முடிச்சை நிமிண்டினாள். "'ஆளில்லாத நேரத்துல திருட்டுத்தனமா எறங்குறதுக்கு எனக்கென்ன வந்துச்சு? ஊரு கூடி நிக்கையில இதே மாதிரி சொல்லுங்க, அப்ப எறங்குறேன்'னா. எனக்கு அப்பிடிச் சொல்லத் தெம்பு இல்லப்பா. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அம்மா அழவில்லை. நானும் அழவில்லை. என்னைப்போலவே அவளும் ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் வைத்துக்கொண்டு அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. பொழுது சாய்வதற்குள் அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோர இடம் கிடைத்தது. பஸ் நகரும்வரை நேராக முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

படிப்பு முடிந்தது. விளையாட்டுத் தகுதியில் அவனுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து வடக்கே போனான். போவதற்கு முன்பு தலைவன் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டு போனானாம். நான் அப்போது கடையில் இருந்தேன். ஆசிரியப் பயிற்சி முடித்து எனக்கும் வீரசோழன் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துத் தங்கினேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு பங்குனியில் அய்யா ஆள் சொல்லி அனுப்பினார். போனேன். மழை பொய்த்ததைப் பற்றியும் மிளகாய்ச் செடி கருகியதைப் பற்றியும் பேசினார். பழைய பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இதற்கிடையில் காலனிக்கென்று தனியாக ஓர் அடிகுழாய் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் ஊருணிக்கு வரவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. என் கேள்விக்கு யாரும் கடைசிவரை பதில் சொல்லவில்லை. ஊர் நிம்மதியாக இருந்தது.

திரும்பும்போது காலனிப் பக்கமாகப் போனேன். அத்தை குழாயடியில் நின்று தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினாள்.

"அவன்கிட்ட இருந்து லெட்டர் வருதா?" என்று கேட்டேன்.

"மாசம் ஒண்ணு வருது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசிச்சுச் சொல்லும். கல்யாணம் பேசிக்கிட்டு இருக்கோம்."

நான் நின்றுகொண்டிருந்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கேட்டான்னு சொன்னா ஒங்களுக்குச் சந்தோசமா இருக்கும்" என்றாள். "ஆனா ஒங்களப் பத்திக் கேட்டு ஒண்ணும் எழுதல."

அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்காக அவள்மேல் எனக்கு மரியாதைதான் வந்தது. கல்யாணம் எப்போது என்று கேட்டேன். வைகாசியில் என்றாள். மெயின் ரோட்டில் வீரசோழன் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. வாரேன் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். குழாய் மறுபடியும் கிறீச்சிட ஆரம்பித்தது.